கூடையடியிற் குறியவர்

கிளிநொச்சியிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள பாடசாலை மைதானங்களில் வலைப்பந்தாட்ட அணி தெரிவு செய்யப்படும் வேளையில், முதலிற் பார்க்கப்படுவது பெரும்பாலும் மாணவியின் உயரமே. வரிசையில் நெடியவளாக நிற்பவளுக்கு வளையத்தின் அருகே இடம் கிடைக்கிறது; எறிபவளாக இல்லாவிடின் காப்பவளாக. குறியவள் எவ்வளவு உறுதியும் விரைவும் உடையவளாயினும் மைதானத்தின் நடுப்பகுதிக்கோ, மாற்றாட்டக்காரர் அமரும் வாங்கிற்கோ அனுப்பப்படுகிறாள். இது வன்னிக்கு மட்டும் உரிய வழக்கன்று. கோடிக்கணக்கான பணம் புழங்கும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்திலும் இதுவே நெடுங்காலக் கொள்கை. கூடையின் அடியிலே நின்று காக்கும் ஆட்டக்காரரை அங்கே சென்டர் என்பர். அவ்விடம் ஏழடி மனிதருக்கே உரியது என்று பயிற்றுநரும் பார்வையாளரும் நம்பி வந்தனர். அந்நம்பிக்கை எவ்வாறு எழுந்தது, அதனை மீறி அவ்விடத்தில் நின்ற குறியவர் எவர், அவர்கள் எதனால் வென்றனர், எங்கே தோற்றனர் என்பன ஆராயத்தக்கன.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்ட் நகரிலே பிறந்தது. அங்கே உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் கனடா நாட்டவர், குளிர்காலத்தில் மாணவர் உள்ளரங்கிலே ஆடுவதற்கென இரண்டு பழக்கூடைகளை மாடத்துக் கைப்பிடியில் மாட்டினார். அக்கைப்பிடி நிலத்திலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. அந்த 10 அடி இன்றுவரை மாறவில்லை. இவ்விளையாட்டிலிருந்தே 1890களில் இங்கிலாந்தில் மகளிருக்கான வலைப்பந்தாட்டம் உருவாயிற்று. நாட்டுக்கு நாடு வேறுபட்டுக் கிடந்த அதன் விதிகளை ஒருமைப்படுத்தும் பன்னாட்டுக் கூட்டம் 1960இல் இலங்கையிலேயே நடைபெற்றது; அதன் பயனாக ஓர் உலக அமைப்புத் தோன்றியது. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போண் நகரில் நடந்த முதலாவது உலகச் சுற்றுப்போட்டியில் இலங்கை மகளிரும் ஆடினர். ஆகவே கிளிநொச்சிப் பாடசாலையொன்றின் இரும்பு வளையமும் அமெரிக்கப் பேரரங்கின் கூடையும் ஒரே உயரத்தில் நிற்பது தற்செயலன்று. இரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்.

சென்டர் என்ற பெயருக்கு நடுவில் நிற்பவர் என்பதே பொருள். தொடக்ககாலத்தில் ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்த பின்னரும், மைதானத்தின் நடுவட்டத்தில் மத்தியஸ்தர் பந்தை மேலே எறிவார். இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் துள்ளி அதைத் தட்டுவர். அவ்வேலைக்கு நெடியவரே ஏற்றவர் என்பதில் ஐயமில்லை. 1937இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் இவ்வழக்கம் நீக்கப்பட்டது. நடுவட்டத்தில் வேலையிழந்த நெடியவர் அப்பெயருடனேயே கூடையின் அடிக்குக் குடிபெயர்ந்தார். வலைப்பந்தாட்டத்தில் சென்டர் என்பவள் இன்றும் நடு மைதானத்தில் ஓடுபவளே. கூடைப்பந்தாட்டத்திலோ பெயர் நடுவையும் ஆள் கூடையடியையும் குறிப்பதாயிற்று.

கூடையடிக்கு வந்த நெடியவர் ஆட்டத்தின் சமநிலையையே குலைத்துவிட்டார். 6 அடி 10 அங்குல உயரமுடைய ஜோர்ஜ் மைக்கனும், 7 அடி உயரமுடைய பொப் கேர்லண்டும் கூடையை நோக்கி இறங்கும் பந்தை வளையத்தின் மேலேயே தட்டிவிட்டனர். 1944இல் கல்லூரி ஆட்டத்தில் அச்செயல் தடைசெய்யப்பட்டது. தாக்கும் அணியினர் கூடையின் அடியில் நெடுநேரம் தங்கலாகாது என வரையப்பட்ட பகுதி 6 அடி அகலமாக இருந்தது. மைக்கன் தொழில்முறை ஆட்டத்திற் கோலோச்சிய காலத்தில், 1951இல், அது 12 அடியாக்கப்பட்டது. வில்ட் சேம்பர்லேன் என்னும் 7 அடி 1 அங்குல மனிதரின் காலத்தில், 1964இல், அது 16 அடியாயிற்று. நெடியவரைக் கூடையிலிருந்து அப்பால் தள்ளுவதற்கென்றே விதிகள் அடிக்கடி திருத்தப்பட்டன. கூடையடியில் உயரத்தின் வலிமை எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. குறியவரின் கதையைச் சொல்லுமுன் இவ்வுண்மையை ஒப்புக்கொள்வதே முறை.

காக்கும் சென்டர் என்ற கருத்துக்கு உருவம் கொடுத்தவர் பொஸ்டன் அணியின் பில் ரசல். 1956 முதல் 1969 வரை அவர் ஆடிய 13 பருவங்களில் அவ்வணி 11 முறை வாகை சூடியது. சேம்பர்லேன் 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் பெற்றவர். அத்தகையவரை ரசல் ஆண்டுதோறும் எதிர்கொண்டார். 6 அடி 10 அங்குலமுடைய ரசலைக் குறியவர் என்று கூறவியலாது. ஆயினும் எதிராளியிலும் உயரமும் எடையும் குறைந்தவராய் நின்று அவர் கற்பித்த பாடம் பின்வந்த குறியவர்க்கெல்லாம் பயன்பட்டது. எதிராளி எறிந்த பந்தை மைதானத்துக்கு வெளியே ஓங்கி அடித்துப் பார்வையாளரை மகிழ்விப்பதிலும், மெல்லத் தட்டித் தன் தோழர் கையிற் சேர்ப்பதே மேல் என அவர் கண்டார். காப்பு என்பது பந்தைத் தடுப்பதோடு முடிவதன்று, பந்தைப் பெறுவதில் முடிவது என்பது அப்பாடம்.

மெய்யாகவே குறியவர் ஒருவர் அவ்விடத்துக்கு வந்தது 1968இல். பால்ற்றிமோர் அணி தெரிந்தெடுத்த வெஸ் அன்செல்ட் என்பவரின் உயரம் 6 அடி 7 அங்குலம். எடை ஏறத்தாழ 245 இறாத்தல். முந்திய பருவத்தில் 36 ஆட்டங்களில் மட்டுமே வென்று தன் பிரிவிற் கடைநிலையில் இருந்த அவ்வணி, அவர் வந்த பருவத்தில் 57 ஆட்டங்களில் வென்று முதலிடத்துக்கு ஏறியது. புதியவருள் சிறந்தவர் என்ற விருதும், எல்லாருள்ளும் சிறந்தவர் என்ற விருதும் ஒரே பருவத்தில் அவருக்குக் கிடைத்தன. அவ்விரண்டையும் ஒருங்கே பெற்றவர் அவருக்கு முன் சேம்பர்லேன் ஒருவரே. நெடியவருள் நெடியவர் பெற்ற பெருமையைக் குறியவர் ஒருவரும் பெற்றார் என்பது வரலாற்றின் சுவையான ஒற்றுமை. ஆயினும் அப்பருவத்தின் இறுதிச்சுற்றுகளில் அவ்வணி நியூயோர்க் அணியிடம் 4 ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

அன்செல்ட் துள்ளிப் பந்தைப் பற்றும் போட்டியில் ஏழடியாரோடு மல்லுக்கு நிற்கவில்லை. பந்து எறியப்பட்டவுடன் அது எங்கே விழும் என்று கணித்து, தன் அகன்ற உடலை எதிராளிக்கும் கூடைக்கும் இடையிலே நாட்டிவிடுவார். முழங்கால் வளைத்து இடுப்பைத் தாழ்த்தி நிற்பவரை, நிமிர்ந்து நிற்கும் நெடியவர் அசைப்பது அரிது. இரணைமடுக் குளக்கட்டை அறிந்தோர்க்கு இது விளங்காத செய்தியன்று. குளத்து நீரின் அழுத்தம் அடியிலேதான் மிகுதி. அதனால் கட்டும் அடியிலே அகன்றும் மேலே ஒடுங்கியும் அமைகிறது. கட்டு எவ்வளவு உயர்ந்திருப்பினும் அடி ஒடுங்கியதாயின் நில்லாது. அன்செல்ட் அத்தகைய அடியுடையவர். பந்தைப் பற்றியவுடன், எதிரணியினர் திரும்புமுன்னரே, மைதானத்தின் மறுபாதியில் ஓடும் தோழருக்கு அதை இரு கைகளாலும் வீசிவிடுவார். அவருடைய காப்பே அணியின் தாக்குதலுக்குத் தொடக்கமாயிற்று. 1978இல், முழங்கால் நோயோடு 32ஆம் வயதில் ஆடிய அவர், தம் அணி சியாற்றில் அணியை 7 ஆட்டத் தொடரில் வென்று வாகை சூடியபோது இறுதித்தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார்.

அன்செல்ட் உடற்கனத்தால் நின்றார் எனின், பொஸ்டன் அணியின் டேவ் கவன்ஸ் கால்களால் நின்றார். 1970இல் அணிக்கு வந்த அவர் 6 அடி 9 அங்குல உயரமுடையவர். அக்காலத்து முதன்மைச் சென்டரான கரீம் அப்துல் ஜபாரோ 7 அடி 2 அங்குலம். 1974ஆம் ஆண்டு இறுதித்தொடரில் இருவரும் எதிரெதிர் நின்றனர். தொடர் 7ஆம் ஆட்டம் வரை நீண்டது. கவன்ஸ் கூடையிலிருந்து தொலைவில் நின்று எறிந்தார். அவரைக் காக்க அப்துல் ஜபாரும் கூடையை விட்டு வெளியே வர நேர்ந்தது. கடைசி ஆட்டத்தில் அப்துல் ஜபாருக்குப் பந்து போகும் வழியைப் பொஸ்டன் அணியினர் ஒருவருக்கு இருவராய்ச் சூழ்ந்து மறித்தனர். கவன்ஸ் 28 புள்ளிகள் பெற்றார். பொஸ்டன் 102க்கு 87 என்ற கணக்கில் வென்றது. நெடியவரைத் தனியொருவர் தடுக்கவில்லை, ஐவரும் சேர்ந்தே தடுத்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அதன்பின் விதிகள் மீண்டும் மாறின. 1979இல் தொலைவிலிருந்து எறியும் பந்துக்கு மூன்று புள்ளிகள் என்ற விதி தொழில்முறை ஆட்டத்தில் வந்தது. காப்பவர் தம் எதிராளியை விட்டுப் பிறருக்கு உதவச் செல்வதைக் கட்டுப்படுத்திய பழைய விதி 2001இல் நீக்கப்பட்டது. முதல் விதி நெடியவரைக் கூடையிலிருந்து வெளியே இழுத்தது; இரண்டாம் விதி கூடையடியில் நிற்கும் குறியவருக்குத் தோழரின் துணையை எளிதாக்கியது.

இம்மாற்றத்தின் காலத்தில் விளங்கியவர் டெற்றோயிற் அணியின் பென் வாலஸ். 1996இல் கல்லூரியை விட்டு வந்தபோது எந்த அணியும் அவரைத் தெரிந்தெடுக்கவில்லை. பதிவேட்டில் அவருடைய உயரம் 6 அடி 9 அங்குலம். காலணி இன்றி அளந்தால் அதனினும் குறைவு என்று சொல்லப்பட்டது. அவர் ஆண்டின் சிறந்த காப்பாளர் என்ற விருதை 2002, 2003, 2005, 2006 ஆகிய நான்கு ஆண்டுகளிற் பெற்றார். 2004இல் அவருடைய அணி, 7 அடி 1 அங்குல ஷகீல் ஓநீல் இருந்த லொஸ் ஏஞ்சலிஸ் அணியை இறுதித்தொடரில் 4க்கு 1 என வென்றது. அத்தொடரில் ஓநீல் அடங்கிவிடவில்லை. ஆட்டத்துக்கு 26 புள்ளிகளுக்கு மேலாகவே பெற்றார். அவரை வாலஸும் மற்றோரிரு தோழரும் தனித்தனியே தாங்கிக்கொள்ள, ஏனையோர் லொஸ் ஏஞ்சலிஸ் அணியின் மற்ற நால்வரையும் ஒடுக்கினர். எதை விட்டுக்கொடுப்பது, எதை விடாதிருப்பது என்ற கணக்கே அவ்வெற்றியின் அடிப்படை. 2021இல் வாலஸ் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டார்.

ஆயின் எல்லாக் குறியவர் கதையும் வாகையில் முடியவில்லை. ஹூஸ்டன் அணியின் சீனநாட்டுச் சென்டரான யாவ் மிங்கின் உயரம் 7 அடி 6 அங்குலம். பாதக் காயத்தால் அவர் 2009–10 பருவம் முழுவதும் ஆடவியலாது போயிற்று. அவரிடத்தில் நின்றவர் சக் ஹேய்ஸ். உயரம் 6 அடி 6 அங்குலம், தம் முன்னவரிலும் ஓரடி குறைவு. அன்செல்ட்டைப் போலவே இடுப்பைத் தாழ்த்தி நின்று, எதிராளி கூடையை அணுகுமுன்னரே அவரை வெளியே தள்ளி வைப்பதில் அவர் வல்லவர். அவ்வளவு உழைத்தும் அவ்வணி 42 ஆட்டங்களில் வென்று 40 ஆட்டங்களில் தோற்று, இறுதிச்சுற்றுகளுக்குத் தகுதி பெறாது போயிற்று. குறியவர் அவ்விடத்திற் பழுதின்றி நிற்கலாம்; அவர் நிற்பது ஒன்றே அணியை உயர்த்திவிடாது.

2015ஆம் ஆண்டு இறுதித்தொடர் இவ்விவாதத்தின் திருப்புமுனை. கிளீவ்லண்ட் அணியிடம் 2க்கு 1 எனப் பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்ரேற் அணியின் பயிற்றுநர் ஸ்டீவ் கேர், நான்காம் ஆட்டத்தின் தொடக்கத்தில் தம் 7 அடிச் சென்டரான அன்ட்றூ போகற்றை வெளியே இருத்தினார். 6 அடி 6 அங்குல ட்றேமண்ட் கிறீன் அவ்விடத்தில் நின்றார். எதிரே 7 அடி 1 அங்குல திமோஃபி மொஸ்கோவ். அன்று மொஸ்கோவ் 28 புள்ளிகள் குவித்தார். எனினும் அவருடைய அணி 103க்கு 82 எனத் தோற்றது. குறியவர் ஐவரின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க இயலவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவர் 9 நிமிடங்களே களத்தில் இருந்தார். ஒரு புள்ளியும் பெறவில்லை. கோல்டன் ஸ்ரேற் அணி 40 ஆண்டுகளுக்குப் பின் வாகை சூடியது. கிறீன் பெருங்குரலில் தோழரை ஏவியும், எவர் எங்கே ஓடுவர் என முன்னறிந்தும் காத்தவர். 2017இல் ஆண்டின் சிறந்த காப்பாளர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

இவ்வெற்றியைக் கண்டோர் அதனை ஒரு நியதியாகவே கொள்ள முற்பட்டனர். 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹூஸ்டன் அணி தன் நெடிய சென்டரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, 6 அடி 5 அங்குல பி. ஜே. டக்கரை அவ்விடத்தில் நிறுத்தியது. லொஸ் ஏஞ்சலிஸ் அணியுடனான தொடரின் முதல் ஆட்டத்தில் ஹூஸ்டன் வென்றது. அடுத்த நான்கிலும் தோற்றது. லொஸ் ஏஞ்சலிஸ் அணி மந்தமான ஏழடியாரை ஒதுக்கி, 6 அடி 10 அங்குலமும் விரைந்த கால்களும் உடைய அந்தனி டேவிஸை அவ்விடத்துக்கு அனுப்பியது. குறியவரின் வேகம் மெதுவான நெடியவரை வெல்லும். வேகமும் உயரமும் ஒருவரிடமே கூடியிருக்கும்போது அவ்வழி அடைபடும் என்பது தெளிவாயிற்று.

இவ்வரலாற்றை ஒருங்கு நோக்கின், உயரங் குறைந்தவர் கூடையடியைக் காக்கக்கூடுமா என்ற வினாவுக்கு ஆம், அன்று என்ற ஒற்றை விடை பொருந்தாது. குறியவர் வென்றவிடமெல்லாம் மூன்று செய்திகள் உடன் காணப்படுகின்றன. உயரத்துக்கு ஈடாக அவரிடம் பிறிதொன்று மிகுந்திருந்தது: அன்செல்ட்டிடம் உடற்கனம், கவன்ஸிடம் கால்வேகம், வாலஸிடம் காலங்கணித்துத் துள்ளும் திறன், கிறீனிடம் முன்னறிவு. அடுத்து, அவருடைய தோழர் நால்வரும் அவரது குறையை அறிந்து அதற்கேற்ப நின்றனர். மூன்றாவதாக, அவ்வக்காலத்து விதிகள் அதற்கு இடந்தந்தன. இவற்றுள் ஒன்று குன்றினும் குறியவர் பொறுமையோடு அடிபடலாமேயன்றி வெல்லுதல் அரிது.

இம்மூன்றனுள் விதி என்பது வலைப்பந்தாட்டத்தில் வேறுபடுகிறது. அங்கே உடலோடு உடல் மோதுதல் குற்றம். எறிபவளிடமிருந்து காப்பவள் 3 அடி விலகியே கை நீட்ட வேண்டும். பந்து பட்டு மீளப் பலகையும் இல்லை. ஆதலால் அன்செல்ட்டின் இடுப்பு வலிமை அங்கே பயன்படாது. குறியவளான காப்பாளர் பந்து எறிபவளிடம் சேர்ந்த பின் செய்யக்கூடியது சிறிதே. சேருமுன் அதனை இடைமறிப்பதே அவள் வழி. பந்தைக் கையில் வைத்திருப்பவளுக்கு 3 விநாடிகளே உண்டு. அந்த 3 விநாடியும் வளையத்துக்கு அப்பால் நிற்கும் தோழியர் அவளை நெருக்கி, அவள் பந்தை வீசும் வழியைக் குறுக்கிவிட்டால், கூடையடியிற் காப்பவளின் வேலை பாதியாகிவிடும். பொஸ்டன் அணியினர் 1974இல் அப்துல் ஜபாருக்குச் செய்ததும் இதுவே.

இவ்வினாவின் மறுபக்கத்தையும் இலங்கை கண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குல உயரமுடையவர். வலைப்பந்தாட்ட உலகின் மிக நெடிய வீராங்கனை எனப் புகழப்பட்டவர். அவர் ஆடிய அணி 2009இலும் 2018இலும் ஆசிய வாகையைப் பெற்றது. 2019இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகச் சுற்றுப்போட்டியில் எல்லா நாட்டு வீராங்கனையரிலும் கூடிய கோல்களை எறிந்தவர் அவரே. எனினும் இலங்கை 16 அணிகளுள் 15ஆம் இடத்தையே அடைந்தது. ஒருவரின் உயரம் தனியே ஓர் அணியை உயர்த்தாது என்பதற்கு இது சான்று. ஒருவரின் குறுமை தனியே ஓர் அணியைத் தாழ்த்தாது என்பதற்கு முன்சொன்ன வரலாறு சான்று.

வன்னியில் இவ்வாராய்ச்சிக்கு மற்றொரு பொருளும் உண்டு. மனிதரின் உயரம் பெற்றோரிடமிருந்து வருவது மட்டுமன்று. பிறந்து முதல் இரண்டு ஆண்டுகளில் கிடைக்கும் ஊட்டமும் அதனை நிர்ணயிக்கிறது என்பது மருத்துவ நூலோர் முடிவு. 2008இலும் 2009இலும் கிளிநொச்சி மக்கள் ஊரோடு பெயர்ந்து, முல்லைத்தீவுக் கரைவரை நடந்து, பின்னர் வவுனியா முகாம்களில் இருந்தனர். 2009இன் பிற்பகுதியில் மீள்குடியேற்றம் தொடங்கிற்று. அவ்வாண்டுகளில் தாய்மடியில் இருந்த குழந்தைகளே பின்னர் இந்த மைதானங்களிற் பந்து பிடித்தனர். உயரத்தை மட்டும் அளந்து இடம் கொடுப்பவர், பசியிலும் இடப்பெயர்விலும் வளர்ந்த பிள்ளைக்கு அந்த இழப்பையே காரணங்காட்டி இரண்டாம் முறையும் இழப்பு நேரச் செய்கிறார். உருவத்தைக் கொண்டு ஒருவரை இகழலாகாது என்று உரைத்த வள்ளுவர், பெரிய தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியை உவமையாகக் காட்டியதும் இங்கே நினைக்கத்தக்கது.

இதனால், நெடிய மாணவியை விலக்கிக் குறியவளை வளையத்தடியில் நிறுத்துக என்று எவரும் கூறமாட்டார். உயரம் ஒரு நற்பேறு. அதனைப் பயன்படுத்தாத பயிற்றுநர் அறிவுடையவர் ஆகார். ஆயின் அளவுநாடாவை எடுக்குமுன் அவர் சிலவற்றைப் பார்த்தல் வேண்டும். பந்து எங்கே வரும் என்று முன்னறிபவள் எவள்? தோழியரைக் குரல் கொடுத்து நெறிப்படுத்துபவள் எவள்? மூன்றாம் முறை தோற்றும் நான்காம் முறை அதே இடத்துக்கு ஓடி வருபவள் எவள்? அவள் குறியவளாயின், அவளுக்கு ஏற்ப மற்ற அறுவரையும் நிறுத்துவது பயிற்றுநரின் கடமை. பால்ற்றிமோரில் 1968இல் அவ்வாறு செய்தவர்கள் கடைநிலை அணியொன்றை ஒரே பருவத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தனர்.